டிஸ்க் நல்லாத்தான் இருக்கு, பூட்தான் ஆகலை

கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவரின் பில் போடும் கணினியில் மதர்போர்டு போய்விட்டது. அதிலிருந்த என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை) டிஸ்க்கைக் கழற்றிப் புதுப் பெட்டியில் மாட்டினேன். பூட் செய்ய எதுவும் இல்லை என்றது திரை. "தம்பி, கணக்கெல்லாம் உள்ள இருக்குல்லா?" என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார்.

கணக்கு பத்திரமாக இருந்தது. போர்டின் தொடக்க மென்பொருளான யூஇஎஃப்ஐ முறையில் எதை பூட் செய்வது என்ற பதிவு போர்டில்தான் இருக்கும். பழைய போர்டோடு அதுவும் போயிற்று. பதிவு இல்லாவிட்டால் புது போர்டு டிஸ்க்கில் ஈஎஃப்ஐ/பூட் என்ற பொது இடத்தில் தேடும். இந்த டிஸ்க்கில் இருந்த லினக்ஸ் வகையான டெபியனோ, தன்னை ஏற்றிவிடும் கிரப் என்ற நிரலை வழக்கமாக ஈஎஃப்ஐ/டெபியனில் வைக்கும். லைவ் யூஎஸ்பியை யூஇஎஃப்ஐ முறையிலேயே ஏற்றி, சிரூட் கட்டளையால் டிஸ்க்கில் உள்ள டெபியனுக்குள் போய், கிரப்-இன்ஸ்டாலை 'ஃபோர்ஸ்-எக்ஸ்ட்ரா-ரிமூவபிள்' (பொது இடத்திலும் ஒரு பிரதி வை) சேர்த்து ஓட்டியதும் கிரப் வந்தது.

அடுத்த முட்டுக்கட்டைதான் சுவாரசியம். லினக்ஸின் மையமான கெர்னல் ஏறியது, கொஞ்ச நேரம் காத்திருந்தது, பிறகு டெபியன் இருக்கும் ரூட் பகுதியின் யூயூஐடி (அடையாள எண்) இல்லை என்று சொல்லி பிஸிபாக்ஸ் ஷெல் என்ற அவசரக் கட்டளைத் திரையில் தள்ளிவிட்டது. அங்கே டெவ் அடைவில் என்விஎம்இ என்று ஒன்றுமே இல்லை. ஆனால் கிரப் இதே டிஸ்க்கிலிருந்துதானே வந்தது? அப்படியானால் டிஸ்க்கில் கோளாறு இல்லை, டிரைவர்தான் இல்லை. பயாஸைப் பார்த்தால் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் இன்டெல் விஎம்டி ஆனில் இருந்தது. அது என்விஎம்இயைத் தனக்குப் பின்னால் மறைத்துவிடும். விஎம்டி டிரைவர் இருந்தால்தான் லினக்ஸுக்குத் தெரியும். டெபியனை நிறுவியவர், கெர்னலோடு முதலில் ஏறும் சிறு தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸில் பழைய கணினிக்கு வேண்டிய டிரைவர்கள் மட்டும் போதும் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார். பழைய சட்டை புது ஆளுக்குப் பற்றவில்லை.

விஎம்டியை ஆஃப் செய்தாலே போதும்தான். ஆனால் இந்த டிஸ்க் இன்னொரு பெட்டிக்குப் போகாது என்று யார் கண்டது? மறுபடி சிரூட். இதில் ஒரு சூட்சுமம்: இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃபில் மாட்யூல்ஸ் 'மோஸ்ட்' (பெரும்பாலான டிரைவர்கள்) என்றே இருக்கும். ஆனால் டெபியனை நிறுவும் நிரல் எழுதிய 'டெப்' (வேண்டியவை மட்டும்) என்ற அமைப்பு கான்ஃப்.டி அடைவின் டிரைவர்-பாலிசி கோப்பில் உட்கார்ந்திருக்கும், செல்லுபடியாவது அதுதான். அதை 'மோஸ்ட்' ஆக்கி, எல்லாக் கெர்னலுக்கும் தொகுப்பைப் புதிதாக உருவாக்க அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டினேன். லாகின் திரை வந்தது.

டிஸ்க் பகுதிகளின் பட்டியலான எஃப்எஸ்டேபில் எல்லாம் யூயூஐடி என்பதால் அங்கே வேலை இல்லை. நெட்வொர்க் கார்டின் பெயர் மட்டும் மாறியிருந்தது. இன்டர்ஃபேசஸ் கோப்பில் புதுப் பெயரைப் போட்டதும் பழைய ஐபி கிடைத்தது. "சரி தம்பி, நேத்து பாக்கிய எடு" என்றார் அண்ணாச்சி.