ஸ்கேன் நார்மல் என்றால்

சென்னையில் ரேடியாலஜி நைட் டூட்டி என்றாலே பாதி வேலை தலை ஸ்கேன்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் அடிபட்டு, நினைவில்லாமல் வருகிறவர்களுக்கு முதலில் எடுப்பது சி.டி. சில நிமிட வேலை. ரத்தக்கட்டு இருந்தால், மூளை நடுக்கோட்டை விட்டு ஒரு பக்கம் தள்ளியிருந்தால் உடனே தெரிந்துவிடும். நியூரோசர்ஜனுக்கு போன், அப்புறம் ஆபரேஷன் தியேட்டர். இதில் குழப்பமில்லை.

படம் சுத்தமாக வந்தால்தான் குழப்பம். வெளியே நிற்கும் குடும்பம் "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லையாம்" என்று ஊருக்கு போன் போட்டுவிடும். ஆனால் கண்ணே திறக்காதவருக்கு சி.டி. நார்மல் என்றால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ரத்தச் சர்க்கரை விழுந்திருந்தால் அதில் தெரியாது (அதை டூட்டி டாக்டர் விரல் குத்தி முதலிலேயே பார்த்திருப்பார்). வெளியே தெரியாத வலிப்பு உள்ளே ஓடிக்கொண்டிருந்தால் மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.தான் சொல்லும். மூளைத்தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் பேசிலார் தமனி அடைபட்டிருந்தாலும் சாதாரண சி.டி. ஏமாற்றலாம், கான்ட்ராஸ்ட் மருந்து போட்டு ரத்தக்குழாய்களைக் காட்டும் ஆஞ்சியோ எடுக்க வேண்டும்.

என்னை அதிகம் அலைக்கழிப்பது பைக் விபத்துகள். தலை சுழன்று குலுங்கியதில் நரம்பிழைகள் அறுந்திருக்கும்; சி.டி.யில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில், மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசத்திலும் மூளைத்தண்டிலும் கடுகளவு கறுப்புப் புள்ளிகளாக ரத்தக் கசிவு தெரியும். ஆனால் வென்டிலேட்டரில் இருப்பவரை அந்தக் காந்தத்துக்குள் கொண்டுபோக அதற்கென்றே செய்த வென்டிலேட்டர் வேண்டும். பல இடங்களில் எம்.ஆர்.ஐ. எடுக்காமலேயே நாள் கடந்துவிடுகிறது.

அப்படி ஒரு பையனின் படத்தை விளக்கியபோது அவன் சித்தப்பா கேட்டார்: "நாங்க பேசுறது அவனுக்குக் கேக்குதான்னு இதுல தெரியுமா சார்?"

தெரியாது. எங்கே அடிபட்டிருக்கிறது என்பதை மட்டும்தான் இந்தப் படம் காட்டும். 2006இல் கேம்பிரிட்ஜில் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர், உணர்வற்றவர் என்று முடிவு செய்யப்பட்டிருந்த 23 வயதுப் பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். மூளையின் எந்தப் பகுதி இயங்குகிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ.யில், அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதி, நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு இயங்குவதைப் போலவே இயங்கியது. 2024இல் வெளியான பெரிய ஆய்வில், சொன்னதற்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை இப்படிப் பதில் தந்திருக்கிறது. இதைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"இவனுக்கு கிரிக்கெட்தான் சார் தெரியும்" என்றார்.

கிரிக்கெட்டும் சரிதான் என்றேன். ஆனால் அந்தச் சோதனைக்கு இங்கே வசதியில்லை என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.