கண்ணாடி வீட்டில் துணி எங்கே காயப்போடுவது?

சிகாகோ பக்கத்து அரோராவில் இருக்கிற பாலாஜி கோயிலுக்குப் போனால் பெருமாளைச் சேவித்துவிட்டு, கேண்டீனில் புளியோதரையும் தோசையும் சாப்பிட்டுவிட்டு, நேராக வீட்டுக்கு வந்து படுத்துவிடுவதுதான் எங்கள் வழக்கம். இந்தத் தடவை அம்மா திருச்சியிலிருந்து வந்திருந்தாள். வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது, சிகாகோவில் காட்ட வேண்டியதை எல்லாம் காட்டியாயிற்று. கோயிலிலிருந்து அரை மணி நேரம் காரில் போனால் பிளேனோ என்று ஒரு சின்ன ஊர், அங்கே ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் எடித் ஃபார்ன்ஸ்வொர்த் வீடு. கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகள் உலகம் முழுக்கப் படத்தில் பார்த்து ஏங்குகிற வீடு அது. பத்து வருஷமாகப் பக்கத்திலேயே இருந்துகொண்டு நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் இந்தக் கோடையை விடக்கூடாது என்று டிக்கெட் போட்டுவிட்டேன்.

"வீட்டைப் பாக்கவா டிக்கெட்டு?" என்று அம்மா கேட்டாள். அரண்மனை மாதிரியா என்றாள். இல்லை, ஒரே அறைதான் என்றேன். அதற்கப்புறம் பிளேனோ வரும்வரை அவள் பேசவில்லை, சோளக்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காரை விட்டுவிட்டு மரங்களுக்கு நடுவே ஆற்றை ஒட்டிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு அது அதிகம்தான், நின்று நின்றுதான் போனோம். திடீரென்று பச்சைக்கு நடுவில் வெள்ளையாக இரண்டு கோடு தெரியும், தரை ஒன்று, கூரை ஒன்று. இடையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். கிட்டே போனால்தான் நாலு பக்கமும் கண்ணாடி என்று தெரிகிறது. எட்டு இரும்புத் தூண்கள் அந்த இரண்டு பலகைகளையும் வெளியிலிருந்து பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தூணும் உத்தரமும் சேர்கிற இடத்தில் ஆணி, போல்ட் எதையும் காணோம். பற்றவைத்த தழும்பைக்கூடத் தேய்த்து, மேலே வெள்ளை பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள். நான் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

கதை இதுதான். எடித் ஃபார்ன்ஸ்வொர்த் சிகாகோவில் சிறுநீரக மருத்துவர், தனி ஆள். 1945-இல் ஒரு விருந்தில் மீஸ் வான் டெர் ரோவைச் சந்திக்கிறார். ஜெர்மனியில் பௌஹவுஸ் என்ற நவீன வடிவமைப்புப் பள்ளியின் கடைசி இயக்குநராக இருந்துவிட்டு, 1938-இல் சிகாகோவுக்கு வந்து கட்டடக்கலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். வார இறுதியில் தங்க ஆற்றோரம் ஒரு சின்ன வீடு வேண்டும் என்று டாக்டர் கேட்டார். மீஸ் வரைந்ததன் மாதிரியை, ஒரு செங்கல் வைப்பதற்கு முன்னாலேயே, 1947-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். செங்கல் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன், வீட்டில் செங்கல்லே கிடையாது. 1951-இல் வீடு முடிந்தபோது செலவு சுமார் 74,000 டாலர், அந்தக் காலத்துக்கு அநியாயம். கட்டணப் பாக்கிக்காக மீஸ் வழக்குப் போட, டாக்டர் எதிர்வழக்குப் போட, வருஷக்கணக்கில் இழுத்துக் கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம், கோயிலில் ஆரம்பித்த நாள் வெறுங்காலோடேயே போய்க்கொண்டிருந்தது. உள்ளே ஏறத்தாழ 1,500 சதுர அடி. நடுவில் மரப்பலகை போர்த்திய ஒரு நீளப் பெட்டி இருக்கிறது. இரண்டு குளியலறை, கணப்பு, சமையல் மேடை எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளோ அதன்மேல் ஒட்டிக்கொண்டோதான். அதைச் சுற்றி விட்ட இடம்தான் கூடம், படுக்கை, சாப்பாட்டு இடம். கதவு வைத்த அறை என்றால் குளியலறை மட்டும்தான். தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எல்லாம் பெட்டிக்கு நேர் கீழே ஒரே தொகுப்பாகத் தரைக்குள் இறங்குகின்றன, அதனால் வெளியிலிருந்து பார்த்தால் வீடு அந்தரத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. திறக்கிற ஜன்னல் கிழக்குக் கோடியில் தரையோரமாக இரண்டே இரண்டு, அதுவும் சின்னது. மேற்கே வாசல் கதவு. இலினாய் கோடையில் நாலு பக்கம் கண்ணாடியோடு, ஏசி இல்லாமல், இதற்குள் இருந்தால் எப்படி வெந்திருக்கும் என்று நினைத்தாலே வியர்க்கிறது. குளிர்காலத்தில் கண்ணாடியில் தண்ணீர் கோத்துக்கொள்ளுமாம், ராத்திரி விளக்கைப் போட்டால் பூச்சிகள் மொய்க்குமாம்.

அம்மா ஒரு சுற்று சுற்றி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள். "ஏண்டி, இவ துணியெல்லாம் எங்க காயப்போட்டா?"

சிரித்துவிட்டேன். ஆனால் டாக்டருக்கும் அதே ரகக் கவலைதான் இருந்திருக்கிறது. ஒரு பத்திரிகையிடம் அவர் புலம்பியது, குப்பைத்தொட்டியைப் பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கடியில் வைக்க முடியவில்லை, சாலையிலிருந்து பார்த்தாலே தெரிகிறது, அதனால் தள்ளி ஓர் அலமாரிக்குள் ஒளித்து வைக்கிறேன் என்று. இன்னொன்று, துணி வைக்கவும் உடை மாற்ற மறைப்பாகவும் ஓர் அலமாரி வேண்டும் என்று அவர் கேட்டதும் மீஸ் ஐந்தடி உயரம்தான் அழகு என்றிருக்கிறார். டாக்டர் ஆறடி. உடை மாற்றும்போது தலை மட்டும் மேலே தனியாக உலவிக்கொண்டிருக்குமே என்று சண்டை போட்டுத்தான் உயரமான தேக்கு அலமாரி வந்தது. இதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னபோது அவள் முகத்தில் வந்த பாசத்தைப் பார்க்க வேண்டும், அந்த நிமிஷத்தில் இருந்து டாக்டர் அவளுக்குச் சொந்தக்காரி ஆகிவிட்டார்.

நானும் டாக்டர் கட்சிதான். மீஸைக் கும்பிடுகிற ஆட்கள் எழுதியதை எல்லாம் படித்திருக்கிறேன், அவற்றில் ரொம்ப நாளைக்கு எடித் என்றால் காசு கொடுக்காமல் இழுத்தடித்த பெண்மணி, அவ்வளவுதான். 2021-இல்தான் வீட்டின் பெயரில் அவருடைய முதல் பெயரையும் சேர்த்திருக்கிறார்கள், கட்டி எழுபது வருஷம் கழித்து. இத்தனை குறை சொன்னவர் இருபது வருஷம் அங்கே வந்து தங்கியும் இருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு வீட்டைவிட ஆறுதான் பிடிபட்டது. தரையிலிருந்து 5 அடி 3 அங்குலம் தூக்கிக் கட்டியதே வெள்ளத்துக்குப் பயந்துதான். 1954-இலேயே தண்ணீர் அதையும் தாண்டி வீட்டுக்குள் நாலடி நின்றது. 1996-இல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது, 2008-இல் மறுபடியும். ஆற்றுக்கு மேல்பக்கம் புறநகர்கள் பெருகி, மண் இருந்த இடமெல்லாம் சிமெண்டும் தாருமாக ஆனதும் ஒரு காரணம். நாங்களும் அந்தப் புறநகரில் ஒன்றில்தான் குடியிருக்கிறோம், அதனால் அந்தப் பேச்சில் நான் வாயைத் திறக்கவில்லை.

"ஆத்தங்கரையில கட்டுனா ஆறு வராம என்ன பண்ணும்?" என்றாள் அம்மா. 1977 திருச்சி வெள்ளத்தில் உறையூர் வீட்டில் தண்ணீர் ஏறிய அளவுக்குத் தாத்தா சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தார், அதில்தான் பின்னால் காலண்டர் மாட்டினார்கள். இங்கே ஆணி அடிக்கச் சுவரே இல்லையே என்று அவள் சொன்னபோது கேலி செய்கிறாளா வருத்தப்படுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை.

1972-இல் பீட்டர் பலும்போ என்ற ஆங்கிலேயர் வாங்கினார். தாழ்வாரத்துக்கு டாக்டர் அடித்திருந்த கொசுவலையைக் கழற்றிவிட்டு மீஸ் நினைத்தபடி ஆக்கினார், கூடவே ஏசியும் போட்டுக்கொண்டார். 2003 ஏலத்தில் 75 லட்சம் டாலருக்கு வரலாற்றுப் பாதுகாப்பு அமைப்புகள் எடுத்ததால் நம்மைப் போன்றவர்கள் உள்ளே போக முடிகிறது.

கடைசியாகத் தாழ்வாரத்தில் நின்றோம். உள்ளே இருக்கிற அதே வெளிர்க் கல் கண்ணாடிக்கடியில் நழுவி வெளியிலும் தொடர்கிறது, கல்லில் சின்னச் சின்னக் குழிகள், காலில் சில்லென்று இருந்தது. அப்போது லேசாகத் தூறல். கற்களுக்கு நடுவே விட்டிருக்கிற இடைவெளியில் தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கிவிடுகிறது, ஓரிடத்திலும் தேங்கவில்லை. மேலே கூரை, எதிரே ஆறு, அப்பால் மரங்கள் நனைந்து கருத்துக்கொண்டு வந்தன. பத்து நிமிஷம் யாரும் பேசவில்லை. மீஸ் மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் இறங்கித்தான் போயிற்று, அதை ஒப்புக்கொள்ள மனசில்லை.

திரும்பும்போது காரிலிருந்து அம்மா சித்தியைக் கூப்பிட்டாள். "ஒரு டாக்டரம்மா வீட்டுக்குப் போனோம்டி. செவுரே இல்ல. பாவம், பீரோவக்கூட சண்டை போட்டுத்தான் வாங்கியிருக்கா." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா திண்ணை நல்லா இருந்துச்சு. மழை பேஞ்சுது. உக்காரத்தான் விடல."