நியூயார்க் பிரைமரியில் பெயர் ஏற்றுவது: பச்சைத் தாளும் 500 கையெழுத்தும்

நியூயார்க்கில் பிரைமரியில், அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்தேர்தலில், நிற்க டெபாசிட் கட்ட வேண்டாம். மனுத் தாக்கலுக்குக் கட்டணமும் கிடையாது. கையெழுத்துதான் காசு. மாநில அசெம்பிளிக்கு 500, மாநில செனட்டுக்கு 1,000, காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றக் கீழவை) தொகுதிக்கு 1,250. தொகுதியில் அந்தக் கட்சியில் பதிந்தவர்களில் 5 சதவீதம் இதைவிடக் குறைவு என்றால் அது போதும். அவகாசம் 37 நாள். 2024-இல் பிப்ரவரி 27-இல் தொடங்கி ஏப்ரல் 4-இல் முடிந்தது. தொடக்க நாளுக்கு முந்தைய தேதி போட்ட கையெழுத்து கணக்கில் வராது.

லட்சத்துக்கு மேல் ஜனம் இருக்கிற தொகுதியில் 500 கையெழுத்து என்ன பெரிய விஷயம் என்று புதிதாக வேலைக்கு வருகிற எல்லோரும் கேட்பார்கள். ரயில் நிலைய வாசலில் ஒரு மணி நேரம் நின்றால் கேள்வி போய்விடும். இது மூடிய பிரைமரி. ஜனநாயகக் கட்சி மனுவில், அந்தக் கட்சியில் பதிந்து, அந்தத் தொகுதியிலேயே குடியிருக்கிற வாக்காளர் மட்டும்தான் கையெழுத்துப் போடலாம். கிரீன் கார்டுக்காரர் ஆகாது. எந்தக் கட்சியிலும் பதியாதவர் ஆகாது. மாநிலத்தில் அப்படிப்பட்டவர்கள் 30 லட்சம் அளவில் இருக்கிறார்கள். 'நான் எப்போதும் டெமாக்ரட்டுக்குத்தானே ஓட்டுப் போடுகிறேன்' என்று சந்தோஷமாகப் பேனாவை வாங்குகிறவரில் கணிசமானவர்கள் பட்டியலில் கட்சியில்லாதவர்களாகத்தான் இருப்பார்கள். அன்றைக்கே கட்சியில் சேர்கிறேன் என்றாலும் பயனில்லை. பிப்ரவரி 14-க்குப் பிறகு கொடுத்த கட்சி மாற்றம் ஜூன் பிரைமரி முடிந்த பின்தான் அமலுக்கு வரும்.

அதனால் தெருவை நம்பாதீர்கள். சூப்பர்மார்க்கெட் வாசலில் கையெழுத்து வேகமாகச் சேரும். சரிபார்க்கும்போது பத்தில் நாலு போனாலும் ஆச்சரியமில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு கதவு தட்டினால் ஒரு மணி நேரத்துக்கு ஏழெட்டுதான் தேறும், ஆனால் தேறியது நிற்கும். பட்டியல் தேர்தல் வாரியத்தில் கிடைக்கும். அதில் முதலில் பிரித்தெடுக்க வேண்டியது கடந்த மூன்று பிரைமரியிலும் ஓட்டுப் போட்டவர்களை. 'டிரிப்பிள் பிரைம்' என்பார்கள். கையெழுத்துக்குப் போகிற அதே கதவுதான் ஜூனில் ஓட்டுக்கும் போகப் போகிற கதவு. 2018-இல் குயின்ஸ்-பிராங்ஸ் காங்கிரஸ் தொகுதியில் அப்போதைய உறுப்பினர் ஜோ கிரவுலியைப் புதுமுகமான அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் தோற்கடித்த பிரைமரியில் இருவருக்கும் சேர்த்து விழுந்தது 30,000-க்கும் குறைவான ஓட்டு. கிரவுலிக்கு அதற்கு முன் 14 வருடம் பிரைமரியில் எதிராளியே கிடையாது. வாக்குப்பதிவு இவ்வளவு குறைவாக இருக்கிற இடத்தில் கட்சி அமைப்புக்கு மலிவான வழி, போட்டியாளரை ஜூன் வரை வரவிடாமல் ஏப்ரலிலேயே தாளில் தீர்த்துக்கட்டுவது. மனு வேலை முழுவதையும் இந்த நினைப்போடு செய்ய வேண்டும். உங்கள் ஒவ்வொரு தாளையும் எதிர்த்தரப்பு வக்கீல் வரி வரியாகப் படிப்பார்.

தாள் விஷயத்துக்கு வருவோம். ஜனநாயகக் கட்சிக்குப் பச்சை, குடியரசுக் கட்சிக்குச் செர்ரி நிறம். மேலே வேட்பாளர் பெயர், பதவி, வீட்டு முகவரி. அதன் கீழே, வேட்பாளர் விலகினால் மாற்று ஆளை நிறுத்தும் குழுவாகக் குறைந்தது மூன்று பேர். இந்தக் குழுவை ஒப்புக்கு நினைத்துவிடக் கூடாது. முதலில் ஒரு பெயரில் மனுப் போட்டு, அவர் விலகி, குழு வேறொருவரை நிறுத்துவது இங்கே பழகிய தந்திரம். மனுக் காலத்தில் நிஜ வேட்பாளர் யாரென்று எதிராளிக்குத் தெரியாமலே போகும்.

நடுவில் கட்டங்கள்: தேதி, கையெழுத்து, முகவரி, ஊர். கையெழுத்து அவரே மையில் போட வேண்டும். மற்றதை நீங்கள் நிரப்பலாம்; நிரப்பிவிடுவதே நல்லது. கணவர் மனைவிக்கும் சேர்த்துப் போட்டுக் கொடுக்கிறேன் என்பார். வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அம்மாவைக் கதவுக்கு வரச் சொல்லுங்கள். ஒரே கையில் இரண்டு பெயர் இருப்பது நிபுணர் கண்ணுக்கு வேண்டாம், யார் கண்ணுக்கும் தெரியும். பிப்ரவரிக் குளிரில் பால்பாயிண்ட் பாதியில் நின்றுவிடும். அரைகுறையாய்க் கீறிய கையெழுத்தின் மேலே மறுபடி எழுத வைத்தால் திருத்தம் போலத் தோன்றும். அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த வரியில் வாங்குங்கள். பேனாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடப்பதுதான் இதற்கு வைத்தியம்.

ஊர்க் கட்டம்தான் பெரிய பள்ளம். அங்கே டவுன் அல்லது சிட்டி என்ற உள்ளாட்சி அமைப்பின் பெயர் வர வேண்டும். நியூயார்க் நகரத்துக்குள் கவுண்டி (மாவட்டம் மாதிரி) பெயர். புரூக்ளின்காரருக்குக் கவுண்டி கிங்ஸ், ஸ்டேட்டன் ஐலண்டுக்கு ரிச்மண்ட், மன்ஹாட்டனுக்கு நியூயார்க். லாங் ஐலண்டில் இன்னும் குழப்பம். ஹிக்ஸ்வில்லில் வீடு இருக்கிறவர் தபால் முகவரிப்படி ஹிக்ஸ்வில் என்றுதான் எழுதுவார். அது டவுன் இல்லை. டவுன் ஆய்ஸ்டர் பே. லெவிட்டவுனுக்கு ஹெம்ப்ஸ்டெட். தபால் ஊரை டவுன் கட்டத்தில் எழுதியதற்காகவே கையெழுத்துகளை நீதிமன்றம் தள்ளியிருக்கிறது. தாளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது உங்கள் தெருக்கள் எந்த டவுனில் வருகின்றன என்று அட்டையின் பின்புறம் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

கையெழுத்து ஒன்று கெட்டால் ஒன்றுதான் போகும். அடியில் இருக்கிற சாட்சி வாக்குமூலம் கெட்டால் தாளே போகும். சாட்சி என்பது கையெழுத்து வாங்கிய நீங்கள். நீங்களும் அதே கட்சியில் பதிந்த நியூயார்க் மாநில வாக்காளராக இருக்க வேண்டும். அந்தத் தொகுதிக்காரராக இருக்கத் தேவையில்லை. தாளில் எத்தனை கையெழுத்து என்று எழுதும் இடத்தில் 10 இருக்கும்போது 9 என்று போட்டால் பத்தாவது எண்ணப்படாது. வாக்குமூலத்தின் தேதி, தாளில் உள்ள கடைசிக் கையெழுத்தின் தேதிக்கு முந்தியதாக இருக்கக் கூடாது. இதனால்தான் தாளை நிரப்பி முடித்த பிறகே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். காலையிலேயே பத்துத் தாளில் போட்டு வைத்துக்கொள்கிற சுறுசுறுப்புக்காரர்களால்தான் நஷ்டம் அதிகம். எண்ணையோ தேதியையோ திருத்தினால் பக்கத்தில் இனிஷியல் போடுங்கள். இனிஷியல் இல்லாத திருத்தம் இருந்தால் முழுத்தாளையும் தள்ளச் சொல்லி எதிர்த்தரப்பு கேட்கும்.

ஒரே பதவிக்கு ஒரு வாக்காளர் இரண்டு பேருக்குக் கையெழுத்துப் போட்டால் முந்தைய தேதியிட்டதுதான் செல்லும். இரண்டும் ஒரே தேதி என்றால் இரண்டுமே செல்லாது. கட்சியின் உள்ளூர்க் கிளப்புகள் முதல் நாள் காலையிலேயே ஆள்படையோடு இறங்குவதற்குக் காரணம் இதுதான். அவர்கள் தாளில் அசெம்பிளி, செனட், நீதிபதி, கவுண்டி கமிட்டி என்று வரிசையாக எல்லாப் பெயரும் ஒன்றாக இருக்கும். ஒரு கையெழுத்தில் அத்தனை பேருக்கும் வேலை முடிந்தது. இரண்டாவது வாரத்தில் அதே கதவைத் தட்டுகிற புது வேட்பாளருக்கு உற்சாகமாகப் போட்டுத் தருவார்கள். அது ஏற்கெனவே செத்த கையெழுத்து. 'இந்த மாதம் வேறு பச்சைத் தாளில் போட்டீர்களா?' என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இத்தனையும் தாண்டி 500 நிற்க வேண்டுமானால் 1,500 கொண்டுபோங்கள். 700-ஓடு போகிறவரைப் பார்த்ததும் எதிர்த்தரப்புக்கு நாக்கு ஊறும். 1,500-ஐ வரி வரியாகச் சரிபார்க்க ஆளும் பணமும் ஆகும். பலமுறை முயற்சியே செய்யமாட்டார்கள்.

தாக்கல் செய்தபின் பொது ஆட்சேபத்துக்கு மூன்று நாள், அதிலிருந்து விவரமான ஆட்சேபப் பட்டியலுக்கு ஆறு நாள். பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் சுருக்கக் குறி போட்டிருப்பார்கள்: பதியாதவர், கட்சியில் இல்லாதவர், தொகுதிக்கு வெளியே, இரட்டை. கையில் வந்ததும் உங்கள் தாள் நகலோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வாக்காளர் பதிவோடு ஒப்பிடுங்கள். ஆட்சேபத்தில் பாதி வெறும் வலை வீச்சாகத்தான் இருக்கும். நீதிமன்றம் போவதென்றால் தாக்கலின் கடைசி நாளிலிருந்து 14 நாளுக்குள், அல்லது வாரியம் மனுவைச் செல்லாது என்று தள்ளினால் அதிலிருந்து மூன்று வேலை நாளுக்குள், எது பிந்தியதோ அதற்குள் வழக்கு தொடங்கியாக வேண்டும். வாரியத்தின் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்தால் நாள் கடந்துவிடலாம். வக்கீல்கள் முன்கூட்டியே போட்டு வைப்பது இதனால்தான்.

சுயேச்சையாகவோ சிறு கட்சியிலோ நிற்கிறவர்களுக்கு வேறு மனு, வெள்ளைத் தாள், ஆறு வாரம். பதிவான எந்த வாக்காளரும் போடலாம் என்பது வசதி. ஆனால் மாநிலம் தழுவிய பதவி என்றால் எண்ணிக்கை முதுகெலும்பை முறிக்கும். 2020 வரை 15,000 போதும். அந்த ஆண்டு பட்ஜெட் சட்டத்தோடு சேர்த்து 45,000 ஆக்கினார்கள். காங்கிரஸ் தொகுதிகளில் பாதியிலாவது தலா 500 வர வேண்டும். கட்சி அந்தஸ்தைத் தக்கவைப்பதற்கும் முன்பு நாலு வருடத்துக்கு ஒருமுறை கவர்னர் தேர்தலில் 50,000 ஓட்டு போதும். இப்போது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 1,30,000 அல்லது 2 சதவீதம், எது அதிகமோ அது. 2020 நவம்பரிலேயே கிரீன் கட்சியும் லிபர்டேரியனும் அந்தஸ்தை இழந்தன. 2022-இல் கவர்னர் வாக்குச்சீட்டில் ஜனநாயகக் கட்சியின் ஹோக்குல், குடியரசுக் கட்சியின் ஜெல்டின் இருவர் பெயர்தான். இங்கே ஒருவர் பல கட்சிகளின் வரிசையில் நிற்கலாம்; ஜெல்டின் தரப்பு மூன்றாவது ஒரு கட்சி வரிசைக்காகக் கொடுத்த வெள்ளைத் தாள்களில் ஏறத்தாழ 13,000 கையெழுத்து செல்லாது என்று தள்ளப்பட்டு, அந்த வரிசை கிடைக்காமலே போனது. பெரிய கட்சி வேட்பாளருக்கே இந்தக் கதி.

எண்ணிக்கை பெரிதானால் காசுக்கு ஆள் பிடிப்பார்கள். அங்கேதான் மோசடி நுழைகிறது. மிச்சிகனில் 2022-இல் 36 பேர் சேர்ந்து பல வேட்பாளர்களின் மனுக்களில் குறைந்தது 68,000 போலிக் கையெழுத்துகளைத் தந்ததாக அந்த மாநிலத் தேர்தல் பிரிவு அறிக்கை கொடுத்தது. குடியரசுக் கட்சியின் கவர்னர் போட்டியில் முன்னணியில் இருந்த ஜேம்ஸ் கிரெய்க் உட்பட ஐந்து பேர் வெளியே போனார்கள். இந்தப் போலித்தனத்துக்கு 'ரவுண்ட் டேபிள்' என்று தொழிலிலேயே பெயர் உண்டு. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாக்காளர் பட்டியலைப் பார்த்து, தாளைக் கைமாற்றி ஆளுக்கு ஒரு வரி போடுவது. கசங்காத தாள், ஒரே பேனா, எல்லா வரியும் சுத்தமாக நிரம்பியிருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். வெளியில் நின்று வாங்கிய தாளில் மழைத்துளியாவது இருக்கும். ஒப்பந்தக்காரரிடமிருந்து வருகிற தாள்களைக் கடைசி வாரம் மொத்தமாக வாங்காமல், வாரா வாரம் வாங்கிப் பட்டியலோடு சரிபாருங்கள்.

படிவத்தையும் அதேபோலச் சரிபார்க்க வேண்டும். நெவாடாவில் 2024-இல் கிரீன் கட்சிக்குத் தேவைப்பட்டது 10,095 கையெழுத்து. அதைவிட மிகக் கூடுதலாகவே கொடுத்தார்கள். மாநில அலுவலகமே அனுப்பிய படிவத்தைத்தான் பயன்படுத்தினார்கள். அது வேறு வகை மனுவுக்கான படிவம். கையெழுத்துப் போட்டவர்கள் அந்தக் கவுண்டியில் பதிந்த வாக்காளர்கள் என்று நம்புவதாகச் சொல்லும் வாசகம் அதில் இல்லை. ஜனநாயகக் கட்சி வழக்குப் போட்டது, மாநில உச்ச நீதிமன்றம் பெயரை எடுத்துவிட்டது. அலுவலகம் தந்த தாள் என்பது கேடயம் ஆகாது. சட்டப் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு படிவத்தை வாசகம் வாசகமாக ஒப்பிட வேண்டும்.

வேட்பாளர் முகவரியை நாங்கள் எப்போதும் அச்சுக்குப் போகும் முன்பே முடிப்போம். சுயேச்சை அதிபர் வேட்பாளர் ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியர் 2024-இல் நியூயார்க்கில் 45,000-ஐ வெகுவாகத் தாண்டிய கையெழுத்துகளோடு வந்தார். ஜனநாயகக் கட்சிக்கு ஆதரவான ஓர் அமைப்பு வழக்கின் பின்னால் நின்றது. கையெழுத்தில் அவர்கள் கைவைக்கவே தேவைப்படவில்லை. தாளின் தலைப்பில் இருந்த கட்டோனா முகவரி அவர் உண்மையில் குடியிருக்கும் வீடு இல்லை என்று ஆகஸ்டில் நீதிபதி தீர்ப்பளித்தார், மனு முழுவதும் போனது. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வரிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் நான்கையும் மேசையில் பரப்பி ஒரே முகவரிதானா என்று பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் அதைச் சரிசெய்த பிறகே முதல் தாளை அச்சடிக்கக் கொடுங்கள்.