ராம் வாங்குவதற்கு முன்னால் விஎம்ஸ்டாட் ஓட்டிப் பாருங்கள்

திருப்பூர், ஈரோடு பக்கம் சின்னக் கம்பெனிகளின் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. சர்வர் மெதுவானால் ராம் வாங்கிப் போடுவதுதான் இங்கே எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம், அதற்கு முன்னால் டெர்மினலைத் திறந்து விஎம்ஸ்டாட் (vmstat, ராம், டிஸ்க், சிபியு நிலவரத்தை எண்களில் காட்டும் கமாண்ட்) ஓட்டிப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு. இத்தனைக்கும் தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, அநேகமாக எல்லா லினக்ஸிலும் கூடவே வருகிறது.

பின்னலாடைக் கம்பெனி ஒன்றில் சாயங்காலமானால் பில் போட முடியவில்லை. "தம்பி, இன்னிக்கு நைட்டு தூத்துக்குடிக்கு லோடு போகோணுமுங்க, பேக்கிங் லிஸ்ட்டு வரவே மாட்டேங்குது" என்று முதலாளி போனில் தவிக்கிறார். டாப் (top) கமாண்டில் லோடு ஆவரேஜ், அதாவது ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை, 8; மெஷினில் இருப்பதோ 4 கோர். சிபியு போதவில்லை என்று முடிவு கட்டி, புது சர்வருக்குக் கொட்டேஷனே வாங்கிவிட்டார்கள். ஆனால் லினக்ஸின் லோடு ஆவரேஜ் சிபியுவுக்காக நிற்கும் வேலைகளை மட்டும் எண்ணுவதில்லை, டிஸ்க்குக்காகக் காத்துக் கிடப்பவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. 1993-ல் வந்த ஒரு பேட்ச்சில் இருந்து இப்படித்தான்.

"விஎம்ஸ்டாட் 1" என்று கொடுத்தால் நொடிக்கு ஒரு வரி வரும். முதல் வரியை விட்டுவிடுங்கள், அது பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி, இப்போது நடப்பது அதற்கு அடுத்த வரியில் இருந்துதான். அன்றைக்கு ஆர் (r, சிபியுவில் ஓடும் அல்லது அதற்காக நிற்கும் வேலைகள்) கீழே 1, பி (b, டிஸ்க்குக்காகக் காத்திருப்பவை) கீழே 7, வலது ஓரத்தில் டபிள்யூஏ (wa, டிஸ்க்குக்காகக் காத்து சிபியு சும்மா இருந்த நேரத்தின் சதவீதம்) 70-ஐத் தாண்டி நிற்கிறது. எஸ்ஐ (si), எஸ்ஓ (so) இரண்டும் சுத்தமாகப் பூஜ்யம், அதாவது ராம் போதாமல் டிஸ்க்குக்கு மாற்றி வைக்கும் ஸ்வாப் நடக்கவே இல்லை, ராம் போட்டாலும் பைசா பிரயோஜனம் இருந்திருக்காது. சிபியு சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது, எல்லாம் டிஸ்க் வாசலில் நிற்கின்றன. எந்த வேலை டிஸ்க்கை இழுக்கிறது என்று காட்டும் ஐஓடாப்பில் (iotop) பார்த்தால் பேக்கப்! யாரோ கிரானில் (cron, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டிவிடுவது) சாயங்காலம் 4 மணிக்கு வைத்திருக்கிறார்கள், அதுவும் அதே டிஸ்க்கில் இருந்து எடுத்து அதே டிஸ்க்கிலேயே எழுதுகிறது. ராத்திரி 2 மணிக்கு மாற்றி, வேறு டிஸ்க்குக்கு அனுப்பியதோடு பிரச்சினை தீர்ந்தது.

டபிள்யூஏவை மட்டும் நம்பிவிடக் கூடாது. சிபியு சும்மா இருக்கும் நேரத்தில்தான் அது கணக்கில் ஏறும், கூடவே வேறு கனமான வேலை ஓடினால் டிஸ்க் திணறிக்கொண்டிருந்தாலும் அந்த எண் இறங்கித் தெரியும். அதனால் பி-யையும் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், விஎம்ஸ்டாட்டில் ஃப்ரீ (free, காலி ராம்) குறைவாக இருக்கிறதே என்று பயப்படவும் வேண்டாம், மீதி ராமை லினக்ஸ் கேஷுக்கு (cache, டிஸ்க்கில் படித்ததை எடுத்து வைத்துக்கொள்ளும் இடம்) எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் விட்டுக்கொடுக்கும். நிஜ நிலவரம் வேண்டுமென்றால் ஃப்ரீ கமாண்டில் அவைலபிள் என்று இருப்பதைப் பாருங்கள். கிளவுடில் வாடகைக்கு எடுத்த மெஷின் என்றால் எஸ்டி (st) மீது ஒரு கண் இருக்கட்டும், அது ஏறினால் நமக்கு வர வேண்டிய சிபியு நேரம் வேறு பக்கம் போகிறது.

"நேத்து சாயங்காலம் நின்னு போச்சுங்க, இப்ப நல்லா இருக்குது" என்பார்கள் சிலர். அதற்கு விஎம்ஸ்டாட் உதவாது, அது இப்போது நடப்பதைத்தான் காட்டும். சிஸ்ஸ்டாட் (sysstat) பேக்கேஜைப் போட்டு, அதன் சேகரிப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், உபுண்டுவில் நாமே இனேபிள் செய்ய வேண்டியிருக்கலாம். வழக்கமாக 10 நிமிஷத்துக்கு ஒருமுறை எண்களை எழுதி வைக்கும், மறுநாள் சார் (sar) கமாண்டில் அந்த நேரத்தை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.