கோடியக்கரைக் காட்டுக்கு விருந்தாளியோடு போகும்போது

தஞ்சாவூர்ப் பக்கம் வந்த நண்பருக்குக் கோயில்களைக் காட்டியாயிற்று, இன்னும் ஒரு நாள் கையில் இருக்கிறது என்றால் கோடியக்கரைக்குக் கூட்டிப் போங்கள். டெல்டா என்றால் நெல் வயல்தான் என்று நினைப்பவருக்கு, மணல்மேடுகளில் பாலை மரங்கள் அடர்ந்து நிற்கும் அந்த உலர் பசுமைமாறாக் காடு பெரிய ஆச்சரியம்.

ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் புல்வெளியெல்லாம் தண்ணீர் கட்டிக்கொள்ளும். தை அமாவாசையன்று மட்டும் வேண்டாம். கடலாட வரும் கூட்டத்தில் மான் கண்ணில் படாது.

2023 முதல், வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளிக்கு மறுபடி ரயில் ஓடுகிறது. ஆனாலும் விடியலில் காட்டில் நிற்க வேண்டுமானால் முதல் நாளே வேதாரண்யத்தில் தங்குவதுதான் வழி. வனத்துறைச் சாவடியில் அனுமதி வாங்கி, வழி தெரிந்த ஆள் ஒருவரோடு போங்கள். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். ரப்பர் செருப்பு கூடாது, சீமைக் கருவேல முள் அதைத் துளைத்துவிடும்.

முதலில் புல்வெளி. 1967இல் இந்தச் சரணாலயம் அமைந்ததே முக்கியமாக வெளிமானுக்காகத்தான். முறுக்குக் கொம்பும் கரிய முதுகுமாக நிற்பது கிடா. பெட்டை பழுப்பு நிறம், கொம்பில்லை. திறந்தவெளியில் கண்ணையும் கால் வேகத்தையும் நம்பிப் பிழைக்கும் விலங்கு இது. நேராக நெருங்கினால் தாவி ஓடிவிடும். மங்கிய நிற உடையில், நேரே போகாமல் பக்கவாட்டில் விலகி நடந்து, அது தலை தூக்கும்போதெல்லாம் நின்றுவிடுங்கள். அந்த வெளியைத்தான் சீமைக் கருவேலம் தின்றுகொண்டிருக்கிறது. மாடும் மட்டக்குதிரையும் நெற்றைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்ப, புல் இருந்த இடம் புதராகிறது. இதை நண்பருக்கு அங்கேயே காட்டுங்கள். வெட்டி அகற்றாமல் இந்த மான் நிலைக்காது.

வெயில் ஏறியதும் மர நிழலுக்குள் நுழைந்து ராமர் பாதம் வரை நடக்கலாம். சுற்றுவட்டாரத்தில் உயரமான மணல்மேடு அதுதான். சாப்பாட்டைப் பையை விட்டு வெளியே எடுக்காதீர்கள், குரங்கு பறித்துவிடும்.

சாயங்காலம் சதுப்புநிலம். பூநாரை என்னும் ஃபிளமிங்கோ பறவைக்கு ஆழமில்லாத உப்புநீர் வேண்டும். தண்ணீர் பெருகினால் இடம் மாறிவிடும். எந்தப் பக்கம் இறங்கியிருக்கின்றன என்று காவலர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மேலே காய்ந்து வெடித்த சேறு கெட்டித்தரை போலத் தெரியும்; கால் வைத்தால் உள்வாங்கும். சாலையில் நின்று பைனாகுலரில் பாருங்கள். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை இதே நாளில் சேர்க்க வேண்டாம், படகுப் பயணத்துக்கே அரை நாள் போய்விடும்.