முதலில் கணக்கு, அப்புறம் பேச்சு

வேட்பாளரை மேடையில் பார்த்ததுமே முன்பெல்லாம் நான் முடிவெடுத்துவிடுவேன். கணீரென்ற குரல், நிமிர்ந்த நடை, தடுமாறாத பேச்சு. இந்த மூன்றும் இருந்தால் "இவர் செய்வார்" என்று மனசு சொல்லிவிடும்.

2009-ல் வெளியான ஓர் ஆய்வைப் படித்த பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. பிரான்ஸ் நாடாளுமன்றத் தேர்தலில் எதிரெதிராக நின்றவர்களின் படங்களை சுவிட்சர்லாந்துப் பிள்ளைகளிடம் காட்டி, "கப்பலுக்கு இவர்களில் யாரை கேப்டனாக வைத்துக்கொள்வாய்?" என்று கேட்டிருக்கிறார்கள். பத்துக்கு ஏழு என்ற கணக்கில், பிள்ளைகள் கைகாட்டியவரே தேர்தலிலும் ஜெயித்தவராக இருந்தார். அந்தப் பிள்ளைகள் பார்த்தது முகத்தை மட்டும்தான். நானும் இத்தனை வருடமாக முகத்துக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்கிறேனோ என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை.

சரி, எதைப் பார்ப்பது? நேர்மை, திறமை, இரக்கம் என்று எழுதி வைக்கலாம். எழுதியும் பார்த்தேன். ஆனால் இவை வெளியில் தெரிவதில்லையே. எல்லா வேட்பாளரும் தனக்கு இருப்பதாகச் சொல்லிக்கொள்பவை அவை.

எனக்கு விடை கிடைத்தது எங்கள் குடியிருப்போர் சங்கத்தில். ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் எழுந்தார். மெதுவாகப் பேசுபவர், மைக்கைப் பிடித்தால் கை நடுங்கும். ரசீதுகளைத் தேதிவாரியாகக் குத்திவைத்த ஒரு கோப்பை மேசையில் வைத்துவிட்டு, "பம்பு பழுது பார்த்த ஒரு செலவுக்கு மட்டும் ரசீது இல்லை. நான் கேட்டு வாங்காமல் விட்டது. என் தவறு" என்றார். அதுவரை அந்தச் செலவை யாருமே கவனிக்கவில்லை. ஒருவர் எழுந்து கொஞ்சம் காட்டமாகவே கேள்வி கேட்டார். பொருளாளர் முகம் சுளிக்காமல் கோப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அந்த ஒரு திருப்பல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அப்புறம்தான் உத்திரமேரூர் கல்வெட்டு எனக்கு வேறு மாதிரிப் படத் தொடங்கியது. முதலாம் பராந்தகச் சோழன் காலம், சுமார் கி.பி. 920. ஊர்ச் சபை வாரியங்களுக்கு ஆள் எடுக்க, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் குடவோலைக்கு யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதக்கூடாது என்று அதில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வரி கட்டும் நிலம் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் ஊரில் பெரும்பாலானவர்களை வெளியே தள்ளிய நிபந்தனைகள். அவை எனக்கு வேண்டாம். ஆனால் இன்னொன்று இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் கூடாது. பேச்சு வன்மை வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

நாம் தேர்ந்தெடுத்து அனுப்புபவர் செய்யப்போகும் வேலையும் பெரும்பாலும் இதுதானே? வரவு செலவுத் திட்டத்தைப் படிப்பது, ஊர்ப் பணம் எங்கே போனது என்று கேட்பது, கேட்டால் பதில் சொல்வது. அதனால் இப்போது நான் முதலில் பார்ப்பது, இவர் கையில் முன்பு ஏதாவது ஒரு பொறுப்பு இருந்ததா, அதை விடும்போது கணக்கு ஒப்படைத்தாரா என்பதைத்தான். புதியவர் என்றால் சங்கமோ பள்ளிக் குழுவோ, சின்னதாக எதுவானாலும் போதும். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடம் விசாரிப்பேன். மேலே இருந்தவர்களிடம் கேட்டால் பாராட்டுத்தான் வரும். இன்னொன்று, பிடிக்காத கேள்வி வரும்போது அவர் கேள்வியைப் பார்க்கிறாரா, கேட்டவரை முறைக்கிறாரா என்று பார்ப்பேன்.

கொள்கை முக்கியமில்லையா என்று என் தங்கை கேட்டாள். முக்கியம்தான். கொள்கை ஒத்துப்போகாதவருக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். ஆனால் ஒத்துப்போகிறவர் என்பதற்காகக் கணக்குக் கேட்காமல் இருந்த தப்பை நான் இரண்டு தேர்தலில் செய்துவிட்டேன்.

இந்தத் தடவை நிற்பவர்களில் ஒருவர் ஏற்கெனவே பதவியில் இருந்தவர். அவர் காலத்து வரவு செலவு அறிக்கையை வாங்கி வைத்திருக்கிறேன். நாற்பது பக்கம். பென்சிலும் கையுமாக இப்போது பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறேன்.