தோரியச் செயற்றிட்டமும் ஒரு கணக்குப் பிழையும்

உயர்தர வகுப்பில் இரசாயனவியல் செயற்றிட்டத்துக்குத் தோரியத்தை நான் தெரிவு செய்ததற்குத் திருகோணமலையே காரணம். வடக்கே புல்மோட்டைக் கரை மணலில் இல்மனைற்றோடு கலந்து கிடக்கும் மொனசைற்று என்ற கனியத்தில் இந்தக் கதிர்த்தொழிற்பாடுள்ள உலோகம் உண்டு. திருக்கடலூரில் என் அப்பப்பா இரவுத் தொழிலுக்குக் கொண்டுபோன பெற்றோமக்ஸ் விளக்கின் பழைய மென்றிலில், அதாவது சுவாலையில் ஒளிரும் வலையில், இருந்ததும் இதன் ஒட்சைட்டே.

பௌதிக இயல்புகளை எழுதுவது ஒரு மாலையில் முடிந்துவிட்டது. அணுவெண் 90, அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 11.7 கிராம், உருகுநிலை ஏறத்தாழ 1750 பாகை செல்சியஸ். வெள்ளி நிறமான, மென்மையான உலோகம். ஆனால் அதன் ஒட்சைட்டு 3300 பாகையையும் தாண்டியே உருகுகிறது என்று வாசித்தபோதுதான், அந்த மெல்லிய வலை சுவாலையில் ஏன் உருகிப் போவதில்லை என்பது எனக்கு விளங்கியது. வலையில் 99 வீதம் தோரியம் ஒட்சைட்டாக இருந்தாலும், பளிச்சென்ற வெளிச்சத்தைத் தருவது அதனோடு சேர்க்கப்படும் ஒரு வீதமளவான சீரியம் ஒட்சைட்டு.

இரசாயன இயல்புகளில் நான் எதிர்பாராதது நைத்திரிக்கமிலம் பற்றியது. நேர்த்தியான தூளாக்கினால் காற்றில் தானே தீப்பற்றக்கூடிய இவ்வுலோகம், செறிந்த நைத்திரிக்கமிலத்தில் மேற்பரப்பில் ஒட்சைட்டுப் படலம் உண்டாகிக் கரையாமல் நின்றுவிடுகிறது. சிறிதளவு புளோரைட்டு அயன் சேர்த்தாலே கரைகிறது. சேர்வைகளில் பெரும்பாலும் +4 ஒட்சியேற்ற நிலையையே காட்டும்.

மூன்று நாட்களைத் தின்றது கதிர்த்தொழிற்பாட்டுக் கணக்கு. தோரியம் 232 இன் அணுக்களில் பாதி தேய்ந்துபோக எடுக்கும் அரைவாழ்வுக் காலமான 1405 கோடி ஆண்டுகளை வைத்து, ஒரு கிராமில் செக்கனுக்கு எத்தனை அணுக்கள் தேய்கின்றன என்று கணித்தபோது 12,800 கோடி என வந்தது. பயந்துபோய், பரணிலிருந்த மென்றில் பெட்டியை முற்றத்துக்கு மாற்றினேன். அப்பப்பா ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் தாளைப் புரட்டி, "அலகு எங்கே, தம்பி?" என்று மட்டும் கேட்டார். ஆண்டைச் செக்கனாக மாற்ற மறந்திருந்தேன், ஓராண்டின் 3.156 கோடி செக்கன்களால் வகுத்தபோது விடை ஏறத்தாழ 4,060 ஆகச் சுருங்கியது. அரைவாழ்வு இவ்வளவு நீண்டிருப்பதே தேய்வு இவ்வளவு மெதுவாக நடப்பதற்குக் காரணம் என்பதை அந்தப் பிழையே எனக்குக் கற்பித்தது.

ஆனாலும் பெட்டியை உடனே பரணில் ஏற்றவில்லை. தோரியம் தேயும்போது வெளிவிடும் அல்பாத் துணிக்கைகளைத் தோலே தடுத்துவிடும் என்றாலும், எரிந்து நொறுங்கிய மென்றிலின் தூசு சுவாசத்தோடு நுரையீரலுக்குள் போனால் அந்தத் தடை அங்கே இல்லை. அப்பப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அதை நாங்கள் வாயால் ஊதித்தானே துடைப்போம்" என்றார்.